ஒரு கதவத் திறக்க ஒன்றரை வருஷம்: புரியாத படமும் காசில்லாத படமும்

டேவிட் லின்ச்னு ஒரு அமெரிக்க டைரக்டர் எடுத்த இரேசர்ஹெட் படத்துல ஒரு எடம். ஹென்றி நடந்து வந்து அவன் ரூம் கதவு கைப்பிடில கைய வைப்பான், அடுத்த ஷாட்ல உள்ள நுழைவான். பாக்குறப்ப ஒண்ணுமே தோணாது, எல்லாப் படத்துலயும் வர்ற சாதா கட்தான். ஆனா அந்த ரெண்டு ஷாட்டுக்கும் நடுவுல ஒன்றரை வருஷம் ஓடிப்போச்சு. கையில காசு தீர்ந்து ஷூட்டிங் நின்னு, திரும்பக் கொஞ்சம் சேர்ந்ததும் ஹென்றியா நடிச்ச ஜாக் நான்ஸ் அதே கோட்டு, அதே சிலுப்பிக்கிட்டு நிக்குற தலைமுடியோட வந்து, ஒன்றரை வருஷம் முன்னாடி திறக்க ஆரம்பிச்ச கதவுக்குள்ள நுழைஞ்சாரு. படம் முடியுற வரைக்கும் அந்த முடிய அவர் மாத்தவே இல்ல.

இந்தப் படத்த போன வருஷம் நாங்க ஒரு மொட்டை மாடில பெட்ஷீட் கட்டி, கடன் வாங்கின ப்ரொஜெக்டர்ல போட்டோம். ஏழு பேரு. படம் முடிஞ்சதும் வழக்கமான சண்டைதான். எடிட்டிங் வேலை பாக்குற ஒருத்தன், "மச்சி இது படமே இல்லடா, காசு இல்லாதவன் கேமராவ வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம எடுத்தது"ன்னான். இன்னொருத்தன் உடனே குறியீடு டீகோடிங் ஆரம்பிச்சுட்டான், அந்தப் புழு இது, அந்த ரேடியேட்டர் (ரூம சூடாக்குற பெட்டி) அது, கோழி வந்து முதலாளித்துவம்னு. மூணாவது ஒருத்தன் நல்லா தூங்கி எழுந்து "முடிஞ்சிருச்சா"ன்னு கேட்டான். நான் பாத்த வரைக்கும் இந்த மூணு கட்சிதான் எப்பவும். புரியலைன்னு சொல்றவன முட்டாளாக்குற கட்சி, புரியுதுன்னு சொல்றவன டுபாக்கூர்னு சொல்ற கட்சி, தூங்குற கட்சி.

ஆனா அன்னிக்கு நாலாவதா ஒரு ஆள் இருந்தாங்க. காய வச்ச துணிய எடுக்க மேல வந்த கீழ் வீட்டு அக்கா, கையில துணியோட அப்டியே ஒரு இருபது நிமிஷம் நின்னு பாத்தாங்க. போறப்ப என்கிட்ட கேட்டது ரெண்டே கேள்வி: "அந்தப் பொண்ணு புள்ளைய விட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சா?" "புள்ளைக்கு உடம்பெல்லாம் என்னவோ வந்திருக்கே, அந்தாளு ஆவி புடிக்கிறாரா?" ரெண்டுமே கரெக்ட். படத்தோட கதையே அதான். ஒருத்தன் ஒரு பொண்ணோட பழகுறான், குழந்தை பிறந்துருச்சுன்னு பொண்ணு வீட்டுல சொல்றாங்க, குறைமாசக் குழந்தை, ராத்திரியெல்லாம் அழுவுது, பொண்ணு தூக்கம் தாங்காம ஓடிப்போறா, குழந்தைக்கு உடம்பு முடியாமப் போகுது, இவன் தனியா உக்காந்து பாத்துக்குறான். எந்தத் தெருவுலயும் நடக்குற கதை. குழந்தை மனுஷக் குழந்தை மாதிரி இல்ல, சாப்பாட்டு மேசைல வெட்டுன கோழி கால ஆட்டுது, ரேடியேட்டருக்குள்ள ஒரு பொண்ணு நின்னு பாடுது, அவ்ளோதான் வித்தியாசம். அக்காவுக்கு அது பெரிய விஷயமாப் படல. நாங்க ஏழு பேரும் அந்த வித்தியாசத்துலயே மாட்டிக்கிட்டு கதைய விட்டுட்டோம்.

இந்தச் சண்டை ஏன் எப்பவும் ஒரே எடத்துல சுத்துதுன்னு அதுக்கப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன். எனக்குப் பட்டது என்னன்னா, சர்ரியல், எக்ஸ்பரிமென்டல், லோ பட்ஜெட்னு மூணு வார்த்தைய நாம ஒரே மூட்டையில கட்டி வச்சிருக்கோம். மூணும் வேற வேற கேள்வி. சர்ரியல்ங்கறது, அதாவது கனவு மாதிரி போறது, படத்துக்குள்ள எந்த நியாயத்துல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நடக்குதுங்குற கேள்வி. எக்ஸ்பரிமென்டல்ங்கறது படத்த எப்படி எடுக்குறோம், எப்படி வெட்டி ஒட்டுறோம்ங்குற கேள்வி. லோ பட்ஜெட்ங்கறது வெறும் கணக்கு நோட்டு.

தனித்தனியா இருக்குறதுக்கு உதாரணம் வேணும்னா நிறைய இருக்கு. ராபர்ட் ரோட்ரிகஸோட எல் மரியாச்சி 1992-ல வந்துச்சு, சுமார் 7,000 டாலர், மருந்து சோதனைக்கு உடம்பக் குடுத்து அந்தாளு காசு சேத்தாரு. ஆனா படம் சுத்தமான ஆக்‌ஷன் படம், துப்பாக்கி, ஆள்மாறாட்டம், கிட்டார் பெட்டி, எந்தப் பரிசோதனையும் கிடையாது. 2004-ல சன்டான்ஸ் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல பெரிய ப்ரைஸ் அடிச்ச ப்ரைமர் படமும் அதே 7,000 டாலர் கணக்குதான். டைம் டிராவல் படம், நாலு தடவ பாத்தாலும் தலை சுத்தும், ஆனா அதுல சர்ரியல்னு ஒரு துளி இல்ல, ஒவ்வொரு ஸ்டெப்பும் கணக்குப் போட்டு வச்சது, நமக்குத்தான் கணக்கு வரல. அந்தப் பக்கம் பாத்தா ஸ்பெயின்கார டைரக்டர் லூயி புனுவெல் வயசான காலத்துல ஃப்ரான்ஸ்ல நல்ல நடிகர்கள், நல்ல செட்டு, ஒழுங்கான ப்ரொட்யூசரோட எடுத்த ஒரு முழு சர்ரியல் படத்துக்கு 1972-ம் வருஷத்து வெளிநாட்டுப் பட ஆஸ்கரே குடுத்தாங்க. ஒரு கூட்டம் சாப்பிட உக்காருது, கடைசி வரைக்கும் சாப்பிட முடியல, அதான் கதை. காசு இருந்தாலும் கனவு கனவுதான்.

(சைடுல ஒண்ணு. 7,000 டாலர்னு கேட்டதும் ரொம்ப வாயப் பொளக்க வேணாம். எல் மரியாச்சிய தியேட்டர்ல போடுற பக்குவத்துக்குக் கொண்டு வர ஸ்டுடியோ அதுக்கு மேல பல மடங்கு செலவு பண்ணுச்சு. எந்த லோ பட்ஜெட் நம்பர்லயும் சம்பளம் வாங்காம வேலை செஞ்சவங்க கூலி வராது. அதையும் சேத்தா எந்தப் படமும் லோ பட்ஜெட் இல்ல.)

சர்ரியல்னா கண்டமேனிக்கு எதையாவது காட்டுறதுன்னு ஒரு நெனப்பு இருக்கு. அதுவும் தப்பு. 1929-ல புனுவெலும் ஓவியர் சால்வடோர் டாலியும் சேந்து ஆந்த்லூசிய நாய்னு ஒரு பதினாறு நிமிஷப் படம் எடுத்தாங்க, காசு புனுவெலோட அம்மா குடுத்தது. கண்ண பிளேடால கிழிக்கிற காட்சி, அந்தக் கண்ணு கன்னுக்குட்டியோடது, கேள்விப்பட்டிருப்பீங்க. அவங்க ஸ்க்ரிப்ட் எழுதுறப்ப வச்சுக்கிட்ட விதி ஒண்ணே ஒண்ணு: இது எதனால வந்துச்சுன்னு அறிவால விளக்கம் சொல்ல முடியுற எந்தக் காட்சியையும் சேக்கக் கூடாது. ஒருத்தர் ஒண்ணு சொல்லுவாரு, இன்னொருத்தர் "அதுக்கு அர்த்தம் வருது, வேணாம்"னு தள்ளிருவாரு. யோசிச்சுப் பாருங்க, சும்மா உளறுறத விட இது எவ்ளோ கஷ்டம். நாம எதச் சொன்னாலும் அதுல ஒரு அர்த்தம் ஒட்டிக்கிட்டுதான் வரும், அத ஒவ்வொண்ணா பிடுங்கிப் போடணும். அப்படி எடுத்த படத்துக்கு நூறு வருஷமா உக்காந்து குறியீடு கண்டுபுடிச்சுக்கிட்டு இருக்கோம். முதல் ஷோ அன்னிக்கு பாரிஸ்ல ஆளுங்க அடிக்க வருவாங்கன்னு நெனச்சு புனுவெல் பாக்கெட்ல கல்ல போட்டுக்கிட்டு திரைக்குப் பின்னாடி நின்னாராம். யாரும் அடிக்கல, கை தட்டுனாங்க. மனுஷனுக்கு அது சந்தோஷமில்ல. கொல்லச் சொல்லிக் கூப்பிடுற ஒரு படத்த அழகா இருக்குன்னு சொல்றானுங்களேன்னு எரிச்சலா எழுதியே வச்சிருக்காரு. அவர் ஆசைப்பட்ட கலாட்டா அடுத்த படத்துக்குத்தான் நடந்துச்சு. 1930 டிசம்பர்ல வலதுசாரிக் கும்பல் தியேட்டர்ல புகுந்து திரைல மைய வீசி அடிச்சு நொறுக்குச்சு, போலீஸ் படத்தையே தடை பண்ணுச்சு. அந்தப் படத்துக்குக் காசு போட்டது ஒரு பிரபு. அதனால இந்த ஏழ்மை, கலைன்னு ரெண்டையும் ஒட்டிப் பேசுறப்ப கொஞ்சம் பாத்துப் பேசணும்.

எக்ஸ்பரிமென்டல் பக்கம் வந்தா எனக்குப் பிடிச்ச சண்டை ஒண்ணு இருக்கு, நம்ம மொட்டை மாடிச் சண்டைக்குப் பாட்டன் மாதிரி. மாயா டேரன்னு ஒரு அம்மா. 1943-ல லாஸ் ஏஞ்சலஸ்ல தன் வீட்டுலயே, புருஷன் அலெக்சாண்டர் ஹாமிட் கேமரா பிடிக்க, பதினாலு நிமிஷப் படம் ஒண்ணு எடுத்தாங்க. ஏறக்குறைய 275 டாலர் செலவு. மதியம் தூங்குற ஒரு பொண்ணு, சாவி, கத்தி, மூஞ்சிக்குப் பதிலா கண்ணாடி வச்ச கறுப்பு அங்கி உருவம், அதே மாடிப்படி திரும்பத் திரும்ப. ஹாலிவுட் லிப்ஸ்டிக்குக்கு செலவு பண்ற காசுல நான் படம் எடுக்குறேன்னு சொன்ன ஆளு. எல்லாரும் அத சர்ரியல்னு சொல்லுவாங்க, அந்தம்மாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. நான் கனவ அப்படியே கொட்டல, ஒவ்வொரு கட்டும் யோசிச்சு வச்சதுங்குறது அவங்க கட்சி. தியேட்டர்காரங்க யாரும் போட மாட்டாங்கன்னு தெரிஞ்சு, 1946-ல நியூயார்க்ல ஒரு சின்ன நாடக அரங்கத்த வாடகைக்கு எடுத்து தானே போட்டுக் காட்டுனாங்க. அதப் பாத்துட்டுத்தான் ஏமோஸ் வோகல்னு ஒருத்தர் அடுத்த வருஷமே சினிமா 16-ன்னு ஒரு ஃபிலிம் சொசைட்டி ஆரம்பிச்சாரு. மெம்பர்ஷிப் கட்டி உள்ள வர்ற க்ளப்புங்கறதால சென்சார் தொல்லை இல்ல. ஒரு கட்டத்துல 7,000 மெம்பர்.

அந்த சினிமா 16, 1953 அக்டோபர் 28-ம் தேதி கவிதையும் சினிமாவும்னு ஒரு கூட்டம் போட்டுச்சு. மேடைல மாயா டேரன், நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், கவிஞர் டிலன் தாமஸ், இன்னும் ரெண்டு பேரு. டேரன் சொன்னது இதான்: கதைங்கறது கிடைமட்டமா போறது, இது நடந்துச்சு, அதனால அது நடந்துச்சுன்னு. கவிதை செங்குத்தா போறது, ஒரு கணத்துல நின்னு அதுக்குள்ள கீழ கீழ தோண்டுறது. ஷேக்ஸ்பியர் நாடகத்துல கதை கிடையாப் போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு ஒருத்தன் தனியா நின்னு பேச ஆரம்பிச்சா அது செங்குத்து, அது மாதிரி முழுக்க செங்குத்தாவே ஒரு படம் எடுக்கலாமேன்னாங்க. டிலன் தாமஸ் இத வச்சே ஓட்டு ஓட்டுன்னு ஓட்டி கூட்டத்த சிரிக்க வச்சாரு. மில்லரும் இந்தக் கிடை செங்குத்தெல்லாம் வேலைக்காவாதுன்னுட்டாரு. மேடைல இருந்த ஒரே பொம்பளை சொன்ன விஷயத்த பெரிய பெரிய ஆளுங்க சேந்து நக்கலடிச்சு காலி பண்ணாங்க, கைத்தட்டல் வேற. தாமஸ் அதுக்கு ரெண்டு வாரம் கூட ஆகறதுக்குள்ள நவம்பர் 9-ல செத்துப்போனாரு.

ஆனா எனக்கு டேரன் சொன்னது ஒரு நொடில புரிஞ்சுது, ஏன்னா நாம தமிழ்ப் படம் பாத்து வளந்தவங்க. ஹீரோ அம்மாவப் பறி குடுத்து நிக்குறான், கதை அங்கயே நிக்குது, அஞ்சு நிமிஷம் பாட்டு. அந்த அஞ்சு நிமிஷத்துல எதுவும் நடக்காது, அந்த துக்கத்துக்குள்ளயே உள்ள உள்ள போவோம், பாட்டு முடிஞ்சு வெளிய வந்தா கதை விட்ட எடத்துலதான் நிக்கும். அதான் செங்குத்து. ஊட்டில ஆரம்பிச்ச சரணம் சுவிட்சர்லாந்துல முடிஞ்சா நாம யாரும் "லாஜிக் இல்லையே"ன்னு கேக்குறதில்ல. பாட்டுல ஒத்துக்குறத படம் முழுக்க பண்ணா மட்டும் ஏன் கோவம் வருது? பழக்கம்தான், வேற ஒண்ணும் இல்ல. பாட்டு வரப்போகுதுன்னு நமக்கு மியூசிக் சிக்னல் குடுத்துருது, இங்க யாரும் சிக்னல் குடுக்கல.

சரி, காசுக்கு வருவோம். என் எடிட்டர் ஃப்ரெண்டு சொன்ன "காசு இல்லாம எடுத்தது"ங்கறது உண்மை, ஆனா காசில்லாததால என்ன ஆச்சுங்கறதுல அவன் கோட்ட விட்டுட்டான்.

டேவிட் லின்ச் 1970-ல அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டோட லாஸ் ஏஞ்சலஸ் ஸ்கூலுக்கு வந்தாரு. இரேசர்ஹெட் ஸ்க்ரிப்ட் மொத்தமே 21 பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிஷம்னு கணக்கு போட்டு 21 நிமிஷப் படம்னு ஸ்கூல்ல நெனச்சாங்க, இவரு 42 நிமிஷம் வரும்னாரு, கடைசில ஒன்றரை மணி நேரப் படம் ஆச்சு. நிர்வாகத்துல எதிர்ப்பு வந்தப்ப ஃப்ராங்க் டேனியல்னு டீன் இதத் தடுத்தா நான் வேலைய விட்டுப் போறேன்னு நின்னாரு. 10,000 டாலர் குடுத்தாங்க. 1972 மே 29 ஷூட்டிங் ஆரம்பம், ஆறு வாரத்துல முடியும்னு ப்ளான். முதல் ஷோ 1977 மார்ச் 19.

நடுவுல என்ன நடந்துச்சுன்னா, ஸ்கூல் இருந்த மாளிகையோட பழைய குதிரை லாயத்தத்தான் இவங்களுக்குக் குடுத்திருந்தாங்க. அங்கயே செட்டு, அங்கயே ஸ்டோர் ரூம், ஒரு கட்டத்துல லின்ச் அங்கயே தங்கவும் ஆரம்பிச்சுட்டாரு, ஹென்றியோட ரூம்ல படுத்துத் தூங்குனாரு. பகல்ல ஆளு நடமாட்டம்னு ராத்திரிலதான் ஷூட்டிங். காசுக்கு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேப்பர் போடுற வேலைக்குப் போனாரு, வாரத்துக்கு 48 டாலர் 50 சென்ட். யூனிட்ல இருந்த கேத்தரின் கூல்சன் ஹோட்டல்ல சர்வர் வேலை பாத்து அந்தக் காச இதுல போட்டாங்க. பழைய ஃப்ரெண்டு ஜாக் ஃபிஸ்க்கும் அவர் மனைவி சிசி ஸ்பேசெக்கும் காசு குடுத்தாங்க. கேமராமேன் ஹெர்பர்ட் கார்ட்வெல் ஒன்பது மாசத்துல விலகிட்டாரு, அவர் எடத்துக்கு ஃப்ரெட்ரிக் எல்ம்ஸ் வந்தாரு. ரெண்டு பேரு எடுத்ததுன்னு படத்தப் பாத்து யாரும் சொல்ல முடியாது.

நம்ம ஊர்ல ஒரு படம் ஆரம்பிச்சா என்ன நடக்கும்னு தெரியும். ஃபைனான்ஸ் வாங்கிருப்பாங்க, வட்டி ஓடிக்கிட்டே இருக்கும், ஹீரோ கால்ஷீட் இத்தன நாளுன்னு எழுதிருக்கும், லொகேஷன் வாடகை ஒரு பக்கம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா யூனிட்டுக்கு பேட்டா கூடும். டைரக்டர் ஒரு நிழல் சரியா விழலைன்னு ஒரு நாள் நிறுத்த முடியுமா? ப்ரொட்யூசர் மானிட்டர் பக்கத்துல வந்து நின்னுருவாரு. பெரிய பட்ஜெட்ல வாங்க முடியாத ஒரே பொருள் நேரம்தான். லின்ச்சுக்கு அது மட்டும்தான் இருந்துச்சு, அதுவும் வண்டி வண்டியா. ஒரு ஷாட்டுக்கு ராத்திரி முழுக்க லைட் வைக்கலாம், யாரும் வட்டி கேக்க மாட்டாங்க. படத்துல இருக்குற அந்தக் கறுப்பு, வெறும் இருட்டு இல்லாம ஏதோ பஞ்சு மாதிரி அடர்த்தியா இருக்குமே, அது இப்படிக் கிடைச்சதுதான்.

சவுண்டு அதுக்கு மேல. லின்ச்சும் ஆலன் ஸ்ப்ளெட்டும் ஒரு ரூம்ல போர்வையெல்லாம் கட்டி வெளிச்சத்தம் வராம பண்ணிக்கிட்டு மாசக்கணக்கா உக்காந்தாங்க. ஹென்றியும் எதிர் ரூம் பொண்ணும் கட்டில்லயே ஒரு பால் மாதிரி குளத்துல மூழ்குவாங்க, அந்த சத்தத்துக்கு மைக்க ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு, பாட்டில பாத் டப்ல மிதக்க விட்டு, அதுக்குள்ள காத்த ஊதி ரெக்கார்டு பண்ணாங்க. இப்படிப் படம் முழுக்க அடில ஒரு ரீங்காரம் ஓடிக்கிட்டே இருக்கும், ஃபேக்டரியா, ஆவியா, காத்தான்னு தெரியாது. ஒரு நிமிஷம் கூட நிக்காது. நீங்க படத்த லேப்டாப் ஸ்பீக்கர்ல பாத்தீங்கன்னா பாதிப் படம் பாக்கலைன்னு அர்த்தம். இதுல ஒரு ரூம் சத்தம் அடுத்த ரூம்ல வராது, ரேடியேட்டர்க்கு ஒரு சத்தம், குழந்தைக்கு ஒரு சத்தம், ஒவ்வொண்ணும் அதது எடத்துல. என்ன பண்றதுன்னு தெரியாம எடுத்தவன் இப்படி வைக்க மாட்டான். என்கிட்ட கேட்டா இதான் அளவுகோல். படம் புரியுதா இல்லையாங்கறத விடுங்க, அது தனக்குன்னு போட்டுக்கிட்ட விதிய கடைசி வரைக்கும் காப்பாத்துதான்னு பாருங்க. காப்பாத்தலைன்னா அது எவ்ளோ விசித்திரமா இருந்தாலும் ஏமாத்து வேலைதான். அப்படி ஏமாத்துற படங்கள் நிறைய இருக்கு, லோ பட்ஜெட்டுங்கற ஒரே காரணத்துக்காக அதுக்கெல்லாம் நான் கை தட்டத் தயாரா இல்ல.

எடுத்தாச்சு, யாரு பாப்பாங்க? இதுக்கு ஒரு தனிக் கதை இருக்கு, பென் பேரன்ஹோல்ட்ஸ்னு ஒரு மனுஷன். நியூயார்க்ல எல்ஜின்னு ஒரு பழைய தியேட்டர் நடத்துனாரு. 1970 டிசம்பர்ல ஹொடரோவ்ஸ்கியோட எல் டோப்போங்குற படத்த நடுராத்திரி ஷோவா போட்டாரு. பெருசா விளம்பரம் கிடையாது. ஆறு மாசம் தினமும் ஹவுஸ்ஃபுல், உள்ள கஞ்சாப் புகை. ஜான் லெனானுக்குப் படம் பிடிச்சுப் போயி, பீட்டில்ஸ் மேனேஜர் ஆலன் க்ளைன் உரிமைய வாங்கி பெரிய தியேட்டர்ல ஒழுங்கான டைமுக்குப் போட்டாரு, ஊத்திக்கிச்சு. அதே படம்தான், அதே ஊருதான், டைம் மட்டும்தான் வேற. (எல் டோப்போ எனக்குப் பிடிக்காது. அதிர்ச்சிக்குன்னே அடுக்கி வச்ச படம். அந்தப் படத்துல உண்மையாவே பலாத்காரம் பண்ணேன்னு ஹொடரோவ்ஸ்கி அந்தக் காலத்துல சொன்னாரு, பின்னாடி அது விளம்பரத்துக்காகச் சொன்னதுன்னாரு. அந்தப் பழைய பேச்சால 2019-ல நியூயார்க்ல ஒரு மியூசியம் அவரோட கண்காட்சியையே ரத்து பண்ணுச்சு.)

அதே பேரன்ஹோல்ட்ஸ்தான் இரேசர்ஹெட்டையும் வாங்கி ரிலீஸ் பண்ணாரு. 1977-ல சினிமா வில்லேஜ் தியேட்டர்ல நடுராத்திரி ஷோ. முதல் நாள் 25 பேரு. ரெண்டாவது நாள் 24. நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமை இந்தக் கணக்கு வந்தா சனிக்கிழமை மேட்னிக்கு வேற படம் ஓடும். அவரு படத்தத் தூக்கல. நடுராத்திரிக்கு தியேட்டர் எப்படியும் சும்மாதான் கிடக்கும், நஷ்டம்னு பெருசா ஒண்ணும் இல்ல, பாத்தவன் இன்னொருத்தன இழுத்துட்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாம். அங்க ஒரு வருஷம் ஓடுச்சு, அப்புறம் வேவர்லில 99 வாரம், லாஸ் ஏஞ்சலஸ் நூவார்ட்ல 1981 வரைக்கும் மூணு வருஷம். எடுக்கவும் நேரம், ஓடவும் நேரம். டைரக்டர் குப்ரிக் தி ஷைனிங் எடுக்குறப்ப தன் யூனிட்டுக்கு இத போட்டுக் காட்டுனாரு, மெல் ப்ரூக்ஸ் பாத்துட்டு லின்ச்ச எலிஃபன்ட் மேன் எடுக்கக் கூப்பிட்டாரு, 2004-ல அமெரிக்க தேசியப் படப் பதிவேட்டுல சேத்துட்டாங்க. வெரைட்டி பத்திரிகை முதல்ல இத குமட்டுற படம்ங்குற மாதிரிதான் எழுதுச்சு.

இங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டா, இங்க நடுராத்திரிக்குப் பதிலா அரசாங்கம் இருந்துச்சு. ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடன் குடுத்து 1969-ல மிருணாள் சென்னோட புவன் ஷோம், 1970-ல மணி கவுலோட உஸ்கி ரோட்டின்னு படங்கள் வந்துச்சு. உஸ்கி ரோட்டில பஸ் டிரைவர் பொண்டாட்டி சாப்பாட்டோட பஸ் ஸ்டாப்புல காத்துக்கிட்டு நிப்பா, படம் அந்தக் காத்திருப்பு தான். சண்டை உடனே வந்துச்சு, அதுவும் சாதாரண ஆள்கிட்ட இருந்து இல்ல. 1971-ல சத்யஜித் ராயே இதென்ன புது அலைன்னு கேட்டு ஒரு கட்டுரை எழுதி, புவன் ஷோம் கதைய ஏழே வார்த்தையில சுருக்கி நக்கலடிச்சாரு. 1976-ல நாடாளுமன்றக் கமிட்டி ஒண்ணு, குடுத்த கடன் திரும்பி வரல, ஓடுற மாதிரி படத்துக்குக் காசு குடுங்கன்னு ரிப்போர்ட் குடுத்துச்சு. மொட்டை மாடில நாங்க போட்ட அதே சண்டை, லெட்டர்பேடோட.

அதுக்கப்புறமும் கமல் ஸ்வரூப் 1988-ல என்எஃப்டிசிங்குற அரசாங்கப் பட நிறுவனத்தோட காசுல ஓம் தர் பதர் எடுத்தாரு. அஜ்மீர், புஷ்கர், ஒரு பையன், ஜோசியம் பாக்குற அப்பா, வைரம் முழுங்குன தவளைங்க. ஃபிலிம்ஃபேர் விமர்சகர் விருது குடுத்தாங்க, தியேட்டர் குடுக்கல. 2014 ஜனவரி வரைக்கும், 26 வருஷம், கை மாறி கை மாறி வந்த காப்பிலதான் ஜனங்க பாத்தாங்க. எனக்கு அந்தப் படம் பாதிதான் பிடிபட்டுச்சு, ஆனா அதுக்குக் காரணம் சர்ரியல் இல்ல, இந்தி. படம் முழுக்க வார்த்தை விளையாட்டு, விளம்பரப் பாட்டு, ஸ்கூல் பாடப்புத்தக வசனம், சப்டைட்டில் பாக்குறவனுக்கு அதுல ஒண்ணும் மிஞ்சாது. அஜ்மீர்ல வளந்த ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிற எடத்துல நான் குறியீடு தேடிக்கிட்டு இருந்தேன்.

தமிழ்லயும் இரேசர்ஹெட் வந்த அதே 1977-ல ஜான் ஆபிரகாமோட அக்ரகாரத்தில் கழுதை வந்துச்சு, வெங்கட் சாமிநாதன் எழுதுனது. ஒரு புரொஃபசர் அக்ரகாரத்துக்குள்ள கழுதை வளக்குறாரு, கடைசில செத்த கழுதையோட எலும்ப எடுத்துக்கிட்டு ஆட்டமும் நெருப்புமா படம் வேற எங்கயோ போயிரும். சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருது, எதிர்ப்பு வந்ததால தூர்தர்ஷன்ல போடவே இல்ல. ஜான் அப்புறம் கேரளாவுல ஒடேசான்னு கூட்டம் சேத்து, ஊர் ஊரா போய் ஜனங்க கிட்டயே காசு வசூல் பண்ணி 1986-ல அம்ம அறியான் எடுத்தாரு. ப்ரொட்யூசர் கிடையாது, காசு குடுத்த ஊர்க்காரங்கதான் ப்ரொட்யூசர், அவங்களுக்கே போட்டும் காட்டுனாங்க. இத பத்தி தனியா எழுதணும், இப்ப வேணாம்.

லின்ச் 2025 ஜனவரில போய்ட்டாரு. இரேசர்ஹெட்டுக்கு என்ன அர்த்தம்னு கடைசி வரைக்கும் சொல்லல, தன் படத்துலயே ஆன்மிகமான படம் அதுதான்னு மட்டும் சொல்லிட்டு, விளக்கச் சொன்னா முடியாதுன்னுருவாரு. அந்தக் குழந்தைய எதால செஞ்சீங்கன்னு கேட்டாலும் வாயே திறக்க மாட்டாரு.

என் எடிட்டர் ஃப்ரெண்டு இன்னும் "அது படமே இல்ல"ங்குற கட்சிதான், மாறல. ஆனா போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு அவன் ரூமுக்குப் போயிருந்தேன். கரண்ட் போய்ட்டு வந்துச்சு, கீழ மோட்டார் ரூம்ல தண்ணி மோட்டார் ஓட ஆரம்பிச்சுது, சுவத்துக்குள்ள இருக்குற பைப்புல ஊ...ன்னு ஒரு சத்தம் ஏறி வந்து அப்டியே நின்னுச்சு. அவன் டைம்லைன்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தவன் கைய எடுத்துட்டு, சுவத்தையே பாத்துக்கிட்டு, "மச்சி, அந்தக் குழந்தை ரூம்ல இதே சத்தம்தானடா வரும்"னான்.